பாட்டில் பேசுவது யார்? கவிமணியும் மழலை மொழியும்

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையைப் பற்றி நம் ஊர் மேடைகளில் யார் பேசினாலும் ‘குழந்தை உள்ளம் படைத்தவர்’ என்ற வாசகம் தப்பாமல் வந்துவிடும். பாராட்டுத்தான். ஆனாலும் அது அவரை வெள்ளந்தியான ஒரு தாத்தாவாக்கித் திண்ணையில் உட்கார வைத்துவிடுகிறது. கல்வெட்டு படித்தவர், ஓலைகளைத் தேடிப் படியெடுத்தவர், காந்தளூர்ச் சாலை பற்றி ஆங்கிலத்தில் ஆய்வுரை எழுதியவர், வெண்பாவும் விருத்தமும் கைவந்தவர். அப்படிப்பட்டவர் பசுவையும் எலியையும் பாட உட்கார்ந்தபோது தம் படிப்பை எங்கே வைத்தார் என்ற கேள்வி அந்தப் பாராட்டுக்குள் அமுங்கிப் போகிறது. அவருடைய எளிமை இயல்பாக வாய்த்ததன்று, தெரிந்து தேர்ந்துகொண்டது. தமிழ்ச் செய்யுளில் யார் பேசலாம் என்று இருந்த வழக்கத்தை அவர் மாற்றினார். குழந்தை இலக்கியத்தில் அவர் செய்த புதுமை அங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம்.

1876 ஜூலை 27 அன்று தேரூரில் பிறந்தார். சுசீந்திரத்தை அடுத்த ஊர். இன்று சுசீந்திரம்–தேரூர்க் குளங்கள் ராம்சார் பட்டியலில் சேர்ந்து பறவை பார்ப்பவர்களை இழுத்துக்கொண்டிருக்கின்றன. அன்று அது வயலும் குளமும் கோயிலுமாக இருந்த வேளாண் கிராமம். தந்தை சிவதாணு பிள்ளை, தாய் ஆதிலட்சுமி. ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர் அரசுக்குள் இருந்ததால் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழை அவருக்கு ஊட்டியவர் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த சாந்தலிங்கத் தம்பிரான். தேரூரை ஒட்டிய வாணன்திட்டு மடத்தில் இருந்தவர். ஆக, பள்ளியில் ஒரு மொழி, மடத்தில் ஒரு மொழி, வீட்டிலும் வயலிலும் நாஞ்சில் பேச்சு. பிறகு இவற்றோடு ஆங்கிலமும் சேர்ந்தது. பின்னாளில் அவர் எழுதிய எதைப் படித்தாலும் இந்த நான்கும் கலந்து ஓடுவதைப் பார்க்கலாம்.

தொழில் ஆசிரியப் பணி. கோட்டாற்றில் தொடக்கப் பள்ளி ஆசிரியராகத் தொடங்கி, நாகர்கோவில் போதனாமுறைப் பாடசாலை, பிறகு திருவனந்தபுரத்தில் பெண்களுக்கான கல்வி நிறுவனங்கள் என்று 36 ஆண்டுகள் கற்பித்துவிட்டு 1931-இல் ஓய்வு பெற்றார். 1901-இல் உமையம்மையை மணந்தார். ஓய்வுக்குப் பின் வாழ்ந்தது மனைவியின் ஊரான புத்தேரியில். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இந்தக் கடைசிச் செய்தியை வைத்து, பிள்ளையில்லாத ஏக்கம்தான் பாட்டாக வந்தது என்று சொல்வோர் உண்டு. எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. ஏக்கம் இருந்தால் எல்லோருக்கும் பாட்டு வந்துவிடுமா? அதைவிட, போதனாமுறைப் பாடசாலை என்ற சொல்லில் கண் வைப்பது பயன் தரும். ஆசிரியர்களை உருவாக்கும் இடம் அது. எந்த வயதுப் பிள்ளைக்கு எதை, எப்படிச் சொல்வது என்ற கேள்வி தினமும் எழுகிற வகுப்பறை. அங்கே பல ஆண்டுகள் நின்ற ஒரு கவிஞருக்கு, அன்று பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டிருந்த பாடங்கள் எந்த இடத்தில் இடறுகின்றன என்பது கண்கூடாகத் தெரிந்திருக்கும்.

அப்படி என்னதான் பிள்ளைகள் படித்தார்கள்? திண்ணைப் பள்ளிக்கூடம் தொட்டு வந்த வரிசை நமக்குத் தெரியும்: ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, வெற்றிவேற்கை, மூதுரை, நல்வழி. அருமையான நூல்கள், ஓசையிலும் செறிவிலும் அவற்றை மிஞ்சுவது கடினம். ஆனால் அவற்றில் பேசுகிறவர் எப்போதும் பெரியவர். குழந்தையின் வேலை கேட்பது, ஒப்பிப்பது. செய், செய்யாதே என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு நாய்க்குட்டி ஓட இடமில்லை.

குழந்தையைப் பாடிய இலக்கியம் தமிழில் குறைவா என்று கேட்கலாம். பெரியாழ்வார் கண்ணனைக் கொஞ்சியதும், பிறகு பத்துப் பருவங்களாக விரிந்த பிள்ளைத்தமிழும் நம் பெருமைகள். அங்கே குழந்தை பாட்டுடைத் தலைவன். தெய்வமோ அரசனோ குழந்தை வேடத்தில் வந்து நிற்கிறான். சப்பாணி கொட்டச் சொல்கிறோம், முத்தம் கேட்கிறோம், அம்புலியை அழைக்கிறோம். அந்தப் பாட்டுக்குப் பொருள் புரிந்துகொள்ள வேண்டியவர் புலவர். ஐந்து வயதுப் பிள்ளை அதைப் படிக்கும் என்று எந்தப் பிள்ளைத்தமிழ்ப் புலவரும் எதிர்பார்க்கவில்லை. தாலாட்டிலும் தாய் பேசுகிறாள். பாதிப் பாட்டு அண்ணன் தம்பிக்கும் மாமியாருக்கும் போய்ச் சேரும் சேதி. குழந்தை தூங்கினால் போதும்.

எழுதப்படாத நான்காவது வகை ஒன்று தெருவில் இருந்தது. சடுகுடுவுக்கும், பூப்பறிக்கும் விளையாட்டுக்கும், கண்ணாமூச்சிக்கும், கைவீசிச் சாய்ந்தாடுவதற்கும் பாடிய பாட்டுகள். அவற்றில் பேசுகிறவர்கள் பிள்ளைகள். அல்லது பிள்ளையை மடியில் வைத்திருக்கும் பெண்கள். பொருள் முன்னே பின்னே இருந்தாலும் தாளம் தப்பாது. புலவர்கள் இவற்றை இலக்கியக் கணக்கில் சேர்க்கவில்லை. கவிமணி கையை வைத்தது இந்த நான்காவது வகையில்.

1938-இல் வந்த ‘மலரும் மாலையும்’ தொகுப்பில் ‘மழலை மொழி’ என்று ஒரு பகுதி தனியே உண்டு. பக்தி, இலக்கியம், இயற்கை, சமூகம், தேசியம் என்ற பகுதிகளோடு அதுவும் ஒரு பகுதியாக, அவற்றுக்குச் சமமாக நிற்கிறது. இதை நான் சிறு செய்தியாக நினைக்கவில்லை. கம்பரையும் ஔவையையும் போற்றும் பாடல்கள் இருக்கும் அதே அட்டைக்குள் காக்கையும் கோழியும் பொம்மைக் கலியாணமும் வருகின்றன. குழந்தைப் பாட்டு என்பது புலவர் இளைப்பாறும்போது எழுதும் துணுக்கு என்ற எண்ணம் அந்தப் புத்தகத்தின் அமைப்பிலேயே அடிபட்டுப் போகிறது.

தோட்டத்தில் வெள்ளைப் பசு மேய்வதையும் அதனருகே கன்று துள்ளுவதையும் சொல்லும் பாட்டைத் தமிழ்நாட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த பெரும்பாலோர் அறிவர். அதில் நடப்பது என்ன? பசு மேய்கிறது. கன்று துள்ளுகிறது. தாய் நக்கிக் கொடுக்கிறது. கன்று பால் குடிக்கிறது. அவ்வளவுதான். பசு நமக்குப் பால் தரும், ஆகவே அதைப் போற்று என்ற பாடம் இல்லை; கோமாதா என்ற வணக்கமும் இல்லை. தோட்டத்து வேலியோரம் நின்று பார்க்கும் சிறு பிள்ளையின் கண்ணுக்கு என்ன படுமோ அது மட்டும், படும் வரிசையில் வருகிறது. வரிக்கு ஒரு வினை. கட்டிய சொல் ஒன்றும் இல்லை. பெரிய உவமை ஒன்றைச் செருகியிருக்க அவருக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? செருகவில்லை. அங்கேதான் புலமை வேலை செய்திருக்கிறது.

1915-இல் பாரதி எழுதிய ‘பாப்பா பாட்டு’ இதற்கு முந்தியது. தமிழில் குழந்தைக்கென்று எழுதிய நவீனப் பாட்டில் முதல் மரியாதை அதற்குத்தான். அதில் குருவியும் கோழியும் பசுவும் நாயும் வருகின்றன. ஆனால் பேசுகிறவர் பாரதி. குனிந்து, கன்னத்தைத் தட்டி, அன்போடு நாட்டையும் மொழியையும் சாதி மறுப்பையும் கையில் கொடுக்கிறார். ஆத்திசூடியின் வடிவம் அங்கே கனிவாகித் தொடர்கிறது என்று சொன்னால் பாரதி அன்பர்கள் கோபிக்கக் கூடாது; பாரதியே புதிய ஆத்திசூடி எழுதியவர்தானே. கவிமணியின் பசுப் பாட்டில் பேசுகிறவரைத் தேடினால் பெரியவர் யாரும் அகப்படமாட்டார்.

பாட்டி வீட்டுப் பழைய பானையில் ஓட்டை வழியாகப் புகுந்து நெல் தின்ற சுண்டெலியின் கதை இன்னும் நல்ல சான்று. தின்று தின்று வயிறு பருத்து, வந்த ஓட்டை வழியாகத் திரும்ப முடியாமல், காலையில் பாட்டி பானையைத் திறந்தபோது பூனை வாயில் மாட்டுகிறது. வரிக்கு வரி ‘அடா’ போட்டுச் சொல்லப்படும் கதை. இந்த ‘அடா’ யாருக்குச் சொல்வது? பெரியவர் பிள்ளைக்குச் சொல்லலாம். ஒரு பையன் இன்னொரு பையனுக்கும் சொல்லலாம். இரண்டாவது விதமாகப் பாடிப் பாருங்கள், பாட்டு எழுந்து நிற்கும். கதை நடக்கும் இடம் வேறெங்கோ உள்ள அரண்மனை இல்லை; நெல் போட்டு வைக்கும் பானை இல்லாத வீடு அன்றைய நாஞ்சில் நாட்டில் இருந்திராது. அந்தப் பானைக்குள் எலி புகுவது பிள்ளைக்கு அன்றாடச் சேதி.

ஆனால் அந்தப் பாட்டின் முடிவில் கள்ளவழி நடப்பவருக்கு என்ன கதி, நல்வழி நடப்பவருக்கு யார் துணை என்ற தீர்ப்பு வருகிறது. அங்கே ஆத்திசூடி ஆசிரியர் மறுபடி எட்டிப் பார்க்கிறார். கதை தன் வேலையை முன்பே முடித்துவிட்டது, தீர்ப்பு மிகை. கவிமணி தொடங்கிய மாற்றம் அவருக்குள்ளேயே முழுதாக முடியவில்லை என்பதற்கு இந்த வரிகள் அடையாளம். 36 ஆண்டு ஆசிரியர் வேலை அவ்வளவு சுலபமாக ஒருவரை விட்டுப் போகாது.

வெளி உலகிலும் இந்த மாற்றம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. ஆங்கிலத்தில் 1715-இல் ஐசக் வாட்ஸ் குழந்தைகளுக்காக எழுதிய பக்திப் பாடல்கள் ஒன்றரை நூற்றாண்டு பிள்ளைகளை ஒப்பிக்க வைத்தன. 1865-இல் லூயிஸ் கரோல் ஆலிஸின் கதையில் அவற்றைக் கேலிப் பாட்டாக்கினார். 1885-இல் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் நோயில் கிடக்கும் பிள்ளையும் ஊஞ்சலாடும் பிள்ளையும் ‘நான்’ என்று பேசும் பாடல்களை வெளியிட்டார். வங்கத்தில் 1903-இல் தாகூரின் ‘சிசு’; 1923-இல் சுகுமார் ராயின் ‘ஆபோல் தாபோல்’. ராய் அர்த்தத்தையே கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தவர். கவிமணி அந்தப் பக்கம் போகவில்லை. அவர் பாட்டில் கிறுக்குத்தனம் கிடையாது. எல்லாம் ஒழுங்காக நடக்கும் வீடு அது. குழந்தை அழுக்காவதும் அடம்பிடிப்பதும் அபூர்வம். பொம்மைக்குக் கலியாணம் செய்யும் சிறுமிக்கு வீட்டுப் பெண்ணாகும் பயிற்சியும் அந்த விளையாட்டிலேயே நடந்துவிடுகிறது. இதைக் குறை என்று சொல்லலாம். நிலமும் நெல்லும் உள்ள வீட்டின் எல்லை என்றும் சொல்லலாம். நான் குறை என்றே சொல்வேன்.

மலையாளப் பக்கம் பார்ப்பவர்கள் குறைவு என்பதால் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். கவிமணிக்கு மூன்று ஆண்டு மூத்தவர் குமாரன் ஆசான். திருவனந்தபுரத்துக்கு அருகே காயிக்கரையில் பிறந்தவர். அவரும் பிள்ளைகளுக்காக ராமாயணம் எழுதினார். கொடியிலிருந்து பூக்கள் பறந்து போவதாக நினைத்துத் தாயிடம் சொல்லும் குழந்தையை அவர் பாடிய பாட்டை இன்றும் கேரளத்துப் பிள்ளைகள் சொல்வார்கள். அவை பூக்கள் அல்ல, பட்டாம்பூச்சிகள் என்பாள் தாய். அதே ஆசான் எட்வின் ஆர்னால்டின் புத்தர் காவியத்தைத் தழுவி ‘ஸ்ரீபுத்த சரிதம்’ செய்தார். கவிமணி அதே காவியத்தைத் தழுவி ‘ஆசிய ஜோதி’ செய்தார். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே அரசின் கீழ், சாதியின் கடுமையைக் கண்முன் கண்ட இரண்டு கவிஞர்கள் புத்தரிடமும் குழந்தையிடமும் போய்ச் சேர்ந்தார்கள். மலையாளத்தில் பள்ளிப் படிப்பு தொடங்கிய கவிமணியைச் சென்னையிலிருந்து மட்டும் பார்த்தால் பாதிப் படம்தான் தெரியும்.

‘ஆசிய ஜோதி’ குழந்தைகளுக்கென எழுதியதில்லை. இருந்தாலும் பிள்ளைகளிடம் மிகுதியாகப் போய்ச் சேர்ந்த நூல்களில் ஒன்று அது. வேள்விக்கு ஓட்டிச் செல்லும் மந்தையில் நொண்டும் குட்டியைப் புத்தர் தோளில் சுமந்து வரும் இடமும், தாழ்ந்த குலத்தவன் என்று பால் கொடுக்கத் தயங்கும் ஆட்டிடையச் சிறுவனுக்கு அவர் சொல்லும் மறுமொழியும் பல தலைமுறைப் பிள்ளைகள் வகுப்பில் படித்தவை. கதை இந்தியாவில் நடந்தது, ஆங்கிலத்தில் கவிதையானது, நாஞ்சில் நாட்டில் தமிழுக்குத் திரும்பியது. மொழிபெயர்ப்பு வாடை அதில் அடிப்பதில்லை. ஆறு ஒன்று தன் கதையைத் தானே சொல்லும் அவருடைய இன்னொரு பாட்டும் டென்னிசனின் ஓடையை நினைவூட்டும். ஆனால் தமிழில் பேசுவது நம் ஊர் ஆறுதான்.

‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ நூலை இந்த இடத்தில் எடுக்கிறேன். அதற்கும் குழந்தைப் பாட்டுக்கும் என்ன உறவு என்று தோன்றலாம். நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் அன்று சொத்து மகனுக்குப் போகாது. சகோதரியின் மகனுக்கு, அதாவது மருமகனுக்குப் போகும். குடும்பத்தை ஆள்பவர் காரணவர். அவருடைய சொந்த மக்களுக்குக் கிடைப்பது உகந்துடைமை என்ற சிறு பங்கு. அப்பன் கண்ணை மூடினால் மனைவியும் பிள்ளைகளும் நடுத்தெருவில் நிற்கும் நிலை. கோர்ட்டு வழக்குகள் குடும்பங்களைத் தின்றன. 1917-18 ஆண்டுகளில் திருவனந்தபுரத்திலிருந்து வந்த ‘தமிழன்’ இதழில் இதைக் கிண்டலும் கண்ணீருமாகத் தொடராக எழுதினார். காரணவருக்கு ஐந்தாவதாக வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் தன் வாயால் தன் கதையைச் சொல்வதாக அந்த நூல் அமைந்திருக்கிறது. புராணம் போலப் படலங்கள் பிரித்து, ‘மாமி அரசியல் படலம்’ என்றெல்லாம் பெயர் வைத்து, உள்ளே அடுக்களைப் பேச்சைப் பேச விட்டார். 1926-இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவந்து மக்கள் வழிக்கு இடம் கொடுத்தது. அதற்கு உழைத்தவர்கள் பலர். கவிமணியின் நூல் அந்தக் கிளர்ச்சிக்குப் பாட்டாக நின்றது.

இப்போது வரிசையாக வைத்துப் பாருங்கள். மான்மியத்தில் பேசுவது ஐந்தாம் மனைவி. ‘தீண்டாதார் விண்ணப்பம்’ என்ற பாடலில் பேசுகிறவர்கள் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பரில். மழலை மொழியில் பேசுவது, அல்லது கண்ணைத் திறந்து பார்ப்பது, பிள்ளை. செய்யுளில் இதுவரை பிறரால் பேசப்பட்டவர்கள் தாமே பேசுகிறார்கள். இந்த மூன்றையும் மூன்று தனித்தனிக் குணங்களாக, சீர்திருத்தவாதி, தேசியவாதி, குழந்தைக் கவிஞர் என்று பாகம் பிரித்துப் பேசும் நம் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. ஒரே கை செய்த ஒரே வேலை. தமக்கு உரியதல்லாத குரலை வாங்கி அதன் சொல்லளவுக்குத் தம்மைக் குறுக்கிக்கொள்ளும் பழக்கம் மான்மியத்திலேயே அவருக்குக் கைவந்துவிட்டது.

அந்தப் பழக்கத்துக்கு ஆய்வுக்காரரின் காதும் துணை. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைப் படியெடுத்தவர் அவர். நிலவரி, அடிமை விற்பனை, ஊர்க்கூட்டம் என்று நாஞ்சில் நாட்டின் பழைய பேச்சும் எழுத்தும் கலந்து கிடக்கும் ஆவணங்கள் அவை. ஒரு சொல் எந்த ஊரில், எந்தக் காலத்தில், யார் வாயில் வந்தது என்று பார்க்கப் பழகியவர், எலிப் பாட்டுக்கு எந்தச் சொல் பொருந்தும் எது பொருந்தாது என்று தெரிந்து வைத்திருந்ததில் வியப்பில்லை.

புகழ் தாமதமாக வந்தது. ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1940-இல், சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் நடந்த தமிழ்ச் சங்க விழாவில் தமிழவேள் உமாமகேசுவரம் பிள்ளை ‘கவிமணி’ பட்டம் வழங்கினார். டி.கே.சி. போன்ற ரசிகர்கள் பாடல்களை மேடை மேடையாகச் சொல்லிப் பரப்பினார்கள். 1944-இல் அழ. வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’ வந்தது. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கியது. கவிமணி வெட்டிய வாய்க்காலில் நீர் பெருகி ஓடத் தொடங்கிய காலம் அது. 1954 செப்டம்பர் 26 அன்று காலமானார். கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1. அதைப் பார்க்க அவர் இல்லை. 2005-இல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

ஆய்வாளர்கள் தீர்க்க வேண்டிய ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. காக்கையிடம் கண்ணுக்கு மையும், கோழியிடம் குழந்தைக்குப் பூவும் கேட்கும் பாட்டு அவர் தொகுப்பில் இருக்கிறது. ஊர் ஊராகப் பாட்டிமார் வாயிலும் இருக்கிறது. எது முந்தியது? தெருவில் கிடந்ததை எடுத்து அவர் செப்பம் செய்தாரா, அல்லது பாடநூல் வழியாக அவர் பாட்டு தெருவுக்குப் போய் ஆள் பெயரில்லாத பாட்டாகிவிட்டதா? சாய்ந்தாட்டுக்கும் கைவீசலுக்கும் அவர் எழுதியவற்றிலும் இதே கேள்வி. நாட்டார் பாடல் தொகுப்பாளர்கள் சிலவற்றை நாட்டார் பாட்டு என்றே அச்சிடுகிறார்கள். பள்ளி நூல்கள் கவிமணி பெயரைப் போடுகின்றன. இரண்டு பேரும் சரியாக இருக்கவும் வாய்ப்புண்டு. எந்தச் சொல்லை ஊரிலிருந்து வாங்கினார், எந்தச் சொல்லைத் தாம் வைத்தார் என்று பிரித்துக் காட்டினால்தான் அவருடைய கைவேலை தெரியும். அது தெரியாதவரை ‘குழந்தை உள்ளம்’ என்ற வாசகத்தை விட்டு நாம் நகரமாட்டோம்.

இதற்குச் சென்னை நூலகங்கள் உதவா. தேரூர், புத்தேரி, சுசீந்திரம், பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம் ஊர்களில், பள்ளிக்கூடம் போகாத, அல்லது இரண்டாம் மூன்றாம் வகுப்போடு நிறுத்திய வயதான பெண்களிடம் போய், அவர்கள் பிள்ளை வளர்த்தபோது பாடியவற்றைப் பதிவு செய்ய வேண்டும். பாடநூல் தொடாத வாயிலிருந்து வரும் பாடம் எதுவோ, அதைக் கவிமணியின் அச்சுப் பாடத்தோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தெ.தி. இந்துக் கல்லூரி ஆகியவற்றின் தமிழ்த் துறை மாணவர்களுக்கு இது பஸ் ஏறிப் போய்வரும் தூரம். ஒரு முதுகலை ஆய்வேட்டுக்குள் அடங்கும் வேலைதான். பாடத் தெரிந்த பாட்டிமார் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.